அரங்கம் சிரித்த பிறகு எழுதியது

நம் வட்டாரத்தின் நகரமைப்புத் திட்டத்துக்காக நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தின் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள் என்பதால் அங்கு நடந்ததை மீண்டும் விவரிக்கப் போவதில்லை. வரைவுத் திட்டத்தில் இருந்த நீர்வழி ஒதுக்கீடும், அதாவது தண்ணீர் ஓடுவதற்காகக் கட்டாமல் விட்டுவைக்கும் நிலமும், அதையொட்டிய சாலை ஒதுக்கீடும் இறுதி வரைபடத்தில் ஏன் இல்லை என்று கேட்டவன் நான்தான். "ஐம்பது வருடம் கழித்து வரப்போகிறவனுக்கு நான் எதற்கு இன்றைக்கே இடம் விட வேண்டும்?" என்று மேடையில் இருந்தவர் திருப்பிக் கேட்டதும் அரங்கம் சிரித்தது. காணொளியை வெட்டிப் பரப்பியவர்கள் அந்தச் சிரிப்போடு நிறுத்திக்கொண்டார்கள். வேறு வழியும் இல்லை, ஏனெனில் அதற்குப் பிறகு யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று சொல்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆம், கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் சொல்ல வந்தது கோபத்தால் பிறந்ததல்ல. நகரமைப்பு என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கட்டட அனுமதி, மாடிகளின் எண்ணிக்கை, முகப்பில் எத்தனை அடி விட வேண்டும் என்ற சச்சரவு. இவையெல்லாம் பின்னால் வருபவை. ஒரு திட்டத்தின் முதல் வேலை, எங்கே கட்டக் கூடாது என்பதை, அங்கே கட்டுவதற்கு யாருக்கும் ஆசை வருவதற்கு முன்பே முடிவு செய்வதுதான். சாலைக்கும் தண்ணீருக்கும் திறந்தவெளிக்கும் இடத்தை முன்கூட்டியே விட்டுவைக்காத ஒரு வட்டாரம், பிறகு எவ்வளவு பணம் கையில் இருந்தாலும் அதே இடத்தை அதே நிலையில் வாங்க முடியாது. கூட்டத்தில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

இந்தச் சிரிப்பு புதிதல்ல. நியூயார்க்கில் மன்ஹாட்டன் தீவுக்குத் தெருத் திட்டம் வகுத்த ஆணையர்கள் 1811ஆம் ஆண்டிலேயே இந்தச் சிரிப்பை எதிர்பார்த்திருந்தார்கள். அப்போது நகரின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. குடியிருப்பும் பெரும்பாலும் தீவின் தென்முனையில்தான் இருந்தது. அவர்களோ வடக்கே 155ஆம் தெரு வரை கோடு போட்டுவிட்டு, சீனாவுக்கு இந்தப் பக்கம் வேறெங்கும் கூடியிராத அளவு மக்களுக்கு இடம் விட்டிருப்பது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம் என்று தங்கள் குறிப்பிலும் எழுதிவைத்தார்கள். நூறு ஆண்டுகளுக்குள் அந்தக் கோடுகள் வீடுகளால் நிறைந்துவிட்டன.

அந்த ஆணையர்களைத் தெய்வமாக்கும் எண்ணம் எனக்கில்லை. தீவைச் சுற்றிக் கடலும் ஆறும் இருக்கின்றன, காற்றுக்குப் பஞ்சமில்லை என்ற கணக்கில் அவர்கள் பூங்காவுக்கு மிகக் குறைவாகவே இடம் விட்டார்கள். அதன் விலை 40 ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. 1853இல் சென்ட்ரல் பார்க்குக்கு நிலம் எடுக்கச் சட்டம் வந்தபோது, அந்த நிலத்தில் ஏற்கெனவே குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் செனகா வில்லேஜ் என்ற ஊரின் மக்களும் உண்டு. கறுப்பின மக்கள் சொந்தமாக நிலம் வாங்கி, வீடும் தேவாலயமும் பள்ளியும் கட்டிக்கொண்ட ஊர் அது. 1857க்குள் அது இல்லாமல் போனது. முன்பே இடம் விட்டிருந்தால் வெற்று நிலத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம், பின்னால் எளியவர்களின் வீட்டு வாசலில் வந்து நின்றது. முன்கூட்டி ஒதுக்குவது ஏழைகளுக்கு எதிரானது என்று பின்னூட்டத்தில் எனக்குப் பாடம் எடுத்த நண்பர் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம்.

இது ஒரு நகராட்சி தன் எல்லைக்குள் முடித்துக்கொள்ளும் வேலையும் அல்ல. எல்லைக் கல்லைப் பார்த்துத் தண்ணீர் நிற்பதில்லை, பேருந்தும் நிற்பதில்லை. ஜெர்மனியின் ரூர் நிலக்கரி வட்டாரம் இதை வெகு முன்பே உணர்ந்துகொண்டது. ஒவ்வொரு ஊரும் தன் போக்கில் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த நிலையில், 1920இல் அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு திட்ட ஒன்றியம் அமைக்கப்பட்டது. ராபர்ட் ஷ்மிட் தலைமையில் அது செய்த முக்கியமான வேலைகளில் ஒன்று, ஊர்களுக்கு நடுவே பசுமைப் பட்டைகளைக் குறித்துவைத்துக் காத்தது. அன்று சுரங்கங்களும் உருக்காலைகளும் கொழித்த காலம். நிலத்தைச் சும்மா போட்டுவைப்பதா என்று கேட்க ஆளுக்கா குறைச்சல்? பிறகு சுரங்கங்கள் மூடப்பட்டு, வேலைகள் போய், 1989 முதல் 1999 வரை அந்த வட்டாரத்தைப் புதுப்பிக்க முயன்றபோது, அங்கே ஓடும் எம்ஷர் ஆற்றின் பெயரிலான எம்ஷர் நிலப்பரப்புப் பூங்காவை அந்தப் பழைய பட்டைகளை இணைத்துத்தான் உருவாக்கினார்கள். சுரங்கத்தால் நிலம் தாழ்ந்துகொண்டே இருந்ததால் பூமிக்கடியில் குழாய் பதிக்க வழியின்றித் திறந்த சாக்கடையாக ஓடிய எம்ஷர் ஆற்றில் கழிவுநீர் விழுவது 2021இன் இறுதியில் நின்றது. முப்பது ஆண்டு வேலை, 500 கோடி யூரோவுக்கும் மேலான செலவு. கெடுத்ததைத் திருத்த என்ன ஆகும், விட்டுவைத்ததைப் பயன்படுத்த என்ன ஆகும் என்ற இரண்டு கணக்கும் ஒரே வட்டாரத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலுக்கு நான் வந்தபோது வரைபடங்கள் கணினிக்குள் போகவில்லை. ஒளி ஊடுருவும் தாளில் மையால் வரைவோம். தவறு நேர்ந்தால் சவர பிளேடின் முனையால் மையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும், இல்லையென்றால் மேலே போடும் புதுக் கோடு பரவிவிடும். நான் பயிற்சி பெற்ற அலுவலகத்தில் ஒரு மூத்த வரைவாளர் இருந்தார். ஒரு நாள் மாலை, உள்ளே கூப்பிட்டு அனுப்பியதன் பேரில் போய்வந்தவர், ஒரு ஓடைக்கு இருபுறமும் விட்டிருந்த இடைவெளிக் கோட்டை ஓடைக்கரையை ஒட்டி நகர்த்தச் சொல்லிவிட்டார்கள் என்றார். பிளேடை எடுத்தார், சுரண்டினார், நகத்தால் தேய்த்தார், புதுக் கோடு போட்டார். ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. யார் கேட்டார்கள், ஏன் கேட்டார்கள் என்று அந்தக் கோப்பில் ஒரு வரி இல்லை. தாளை விளக்குக்கு எதிரே பிடித்தால் மட்டும் சுரண்டிய இடம் கொஞ்சம் வெளுத்துத் தெரியும். இன்று கணினியில் அந்த வெளுப்பும் தெரியாது. கூட்டத்தில் என்னை "மேப் வரைகிறவர்" என்று நக்கலாகக் குறிப்பிட்டவருக்கு நன்றி. வரைந்த காரணத்தால்தான் ஒரு கோடு எவ்வளவு எளிதாகக் காணாமல் போகும் என்பது எனக்குத் தெரியும்.

இனி ஆட்சேபங்களுக்கு வருகிறேன். திட்டமே வேண்டாம், சந்தை பார்த்துக்கொள்ளும், அமெரிக்காவின் ஹூஸ்டனைப் பாருங்கள் என்று ஒருவர் மூன்று இடங்களில் ஒரே பின்னூட்டத்தை ஒட்டியிருக்கிறார். பார்த்தேன். எங்கே வீடு, எங்கே கடை, எங்கே ஆலை என்று பிரிக்கும் நிலப் பயன்பாட்டு வலயங்கள் இல்லாத நகரம்தான், வீட்டு விலை ஒப்பீட்டளவில் குறைவு என்பதும் உண்மைதான். அதே நகரத்தில், 1940களில் கட்டப்பட்ட ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு வெள்ளத்தடுப்பு நீர்த்தேக்கங்களுக்குள்ளேயே, அதாவது பெருமழையில் தண்ணீர் ஏறி நிற்க வேண்டிய நிலத்திலேயே, பிற்காலத்தில் வீட்டு மனைகள் போட்டு விற்றார்கள். 2017இல் ஹார்வி புயல் மழையில் நீர்த்தேக்கங்கள் வேலை செய்தன, வீடுகள் மூழ்கின. சந்தை நிலத்தின் விலையை நன்றாகவே சொல்லும். தண்ணீர் எந்த ஆண்டு திரும்பி வரும் என்பதை மனை விற்றவர் சொல்வதில்லை, விற்று முடித்த பிறகு அவரைத் தேடினாலும் கிடைப்பதில்லை.

திட்டமிட்ட நகரங்கள் தோற்றிருக்கின்றனவே என்பது அடுத்தது. தோற்றிருக்கின்றன, மறுக்கவில்லை. பிரேசிலின் புதிய தலைநகராகத் திட்டமிடப்பட்ட பிரேசிலியாவைக் கட்டிய தொழிலாளர்களுக்கு அந்த நகரத்துக்குள் இடம் இல்லை, தொலைவில் துணை நகரங்களுக்குப் போனார்கள். தென்னாப்பிரிக்காவில் 1950இன் குழுப் பகுதிச் சட்டம் நிறத்தை வைத்து மனிதர்களை இடம்பெயர்த்தது, அதற்கும் வரைபடம்தான் கருவி. ஆனால் கோடு போட்டவர்களின் கொடுமையைக் காட்டிக் கோடே வேண்டாம் என்பவர்கள், கோடு இல்லாத இடத்தில் பலமுள்ளவன் போடுவதுதான் கோடு என்பதை ஏன் சொல்வதில்லை? பார்சிலோனாவில் பொறியாளர் இல்டெஃபோன்ஸ் செர்தா 1859இன் நகர விரிவாக்கத் திட்டத்தில் 20 மீட்டர் அகலத் தெருக்களையும், தெருக்கள் சூழ்ந்த ஒவ்வொரு கட்டத்துக்கு நடுவிலும் தோட்டத்தையும் வைத்தார். தெருக்கள் பொதுச் சொத்தாக இருந்ததால் பிழைத்தன. இன்றைக்குப் பேருந்துக்கும் மரத்துக்கும் நடப்பவருக்கும் அங்கே இடம் இருப்பது அதனால்தான். தோட்டங்களைக் காக்க ஆளில்லை, மனைக்காரர்கள் நான்கு பக்கமும் கட்டி நடுவையும் நிரப்பினார்கள். ஒரே மனிதரின் ஒரே திட்டம்தான், காக்கப்பட்டது நின்றது, காக்கப்படாதது போனது.

மூன்றாவது ஆட்சேபம் நில உரிமையாளர்களுடையது. வரைபடத்தில் ஒதுக்கீடு என்று வண்ணம் பூசிவிட்டு, வாங்கவும் மாட்டார்கள், விற்கவும் விடமாட்டார்கள், மகளுக்குத் திருமணம் செய்ய நிலத்தை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. ஆனால் கூட்டத்தில் இதை உரக்கக் கேட்டவர்கள் அந்தச் சிறு உடைமையாளர்கள் அல்ல என்பதையும் நான் கவனித்தேன். பதில் இல்லாத கேள்வியும் அல்ல. ஜெர்மனியின் பிராங்ஃபுர்ட்டில் மேயர் ஆடிக்கெஸ் காலத்தில், 1902இலேயே, நிலங்களை ஒன்றுசேர்த்து, சாலைக்கும் பொதுத் தேவைக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனைகளாக அவரவருக்கே திருப்பித் தரச் சட்டம் வந்தது. பரப்பு குறையும், மதிப்பு கூடும், சுமை எல்லோருக்கும் பங்காகும். ஜப்பானும் குஜராத்தும் இதே முறையில் பல நகரப் பகுதிகளை வளர்த்திருக்கின்றன. இதைச் செய்யாமல் இருபது ஆண்டு ஒருவர் நிலத்தை முடக்கியது யார் தவறோ, அதற்கு நீர்வழி எப்படிப் பொறுப்பாகும்? வாங்க முடியாததால் நீக்கினோம் என்றால் அதையாவது எழுத்தில் சொல்லியிருக்கலாமே.

எனக்கு வலித்தது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஒதுக்கீடு தேவையில்லை என்று கணக்குக் காட்டி நிரூபித்திருந்தால் நான் வாதாடியிருப்பேன், ஒருவேளை தோற்றும் போயிருப்பேன். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ரயில் பாதைகளை ஒட்டிய வளர்ச்சியை விரல்களாகவும் அவற்றுக்கிடையே உள்ள நிலத்தைப் பசுமை வெளிகளாகவும் 1947இல் வரைந்த திட்டம், விரலிடையில் புகுந்து கட்ட விரும்பியவர்களோடு இத்தனை காலமாக மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. 2007இல் அதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தும் அளவுக்குச் சண்டை நீண்டது. சண்டைக்கு நான் பயப்படவில்லை. யாரோ ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக ஒரு கோட்டை எடுத்துவிட்டு, ஏன் என்று கேட்டவனைப் பார்த்து ஊரே சிரிப்பதற்குப் பெயர் கருத்துக்கேட்பா?

எழுத்துப்பூர்வமான ஆட்சேபத்தை மறுநாளே கொடுத்துவிட்டேன். அதில் ஒதுக்கீட்டை மீண்டும் சேர்க்கச் சொன்னதோடு, நீக்கும்படி கோரிய மனு எது, எந்த நாளில் வந்தது, எந்தத் தொழில்நுட்பக் குறிப்பின் பேரில் ஏற்கப்பட்டது என்ற மூன்றையும் கேட்டிருக்கிறேன். ஒப்புகைச் சீட்டு தந்தார்கள், பதில் தரவில்லை. ஆட்சேபம் கொடுக்க இன்னும் அவகாசம் இருக்கிறது. நீர்வழி ஒதுக்கீடு நீக்கப்பட்ட அந்தத் தாழ்ந்த பகுதியில் வீடு வாங்கும் யோசனையில் இருக்கும் நண்பர்கள் பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். இதன் கீழே மீண்டும் சிரிப்புக் குறி போட வருபவர்கள் தாராளமாகப் போடலாம், உங்கள் மனை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதிவிட்டுப் போடுங்கள்.