தொழில் தொடங்கியவர்களை எண்ணினால் மட்டும் போதுமா?

சொந்தத் தொழில் தொடங்குகிறவர்கள் கூடக்கூட நாட்டின் பொருளாதாரம் தானாகப் பலப்படும் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். பல்கலைக்கழக ஆய்வுகளைப் படிக்கப் படிக்க, இந்தக் கணக்கு எனக்குப் பொருந்தி வரவே இல்லை.

அமெரிக்காவின் பாப்சன் கல்லூரியும் லண்டன் பிசினஸ் ஸ்கூலும் சேர்ந்து தொடங்கிய 'ஜெம்' (Global Entrepreneurship Monitor) என்ற ஆய்வு இருக்கிறது, பல நாடுகளில் தொழில் தொடங்குகிறவர்களைப் பற்றியது. முதல் அறிக்கை 1999-இல் வந்தது. ஒவ்வொரு நாட்டிலும் 18 முதல் 64 வயதுக்குள் குறைந்தது 2,000 பேரிடம் கேள்வி கேட்பார்கள். தொழில் தொடங்கும் வேலையில் இறங்கியவர்களையும், தொடங்கி 42 மாதம் தாண்டாதவர்களையும் சேர்த்து ஒரே விகிதமாகச் சொல்வார்கள். அந்த விகிதத்தில் வருமானம் குறைந்த நாடுகள் பலவும் பணக்கார நாடுகளுக்கு முன்னால் நிற்கின்றன. நாடுகளின் பொருளாதாரப் போட்டித்திறனை வரிசைப்படுத்தும் பட்டியலை எடுத்தால் அவற்றில் பல பின்வரிசையில். காரணம் எளிது. சம்பள வேலை கிடைக்காத இடத்தில் பிழைக்க ஏதாவது செய்துதானே ஆக வேண்டும்?

மாணவனாக இருந்தபோது நானும் இப்படி ஒரு கணக்கெடுப்புக்குப் போனேன். படிவத்தில் இரண்டே கட்டங்கள். நல்ல வாய்ப்பு என்று தொடங்கினீர்களா, வேறு வழியில்லாமல் தொடங்கினீர்களா? தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரெண்டும்தான் தம்பி" என்றார். ரெண்டுக்கும் டிக் போட முடியாது. ஏதோ ஒன்றில் போட்டுவிட்டு வந்தேன், இன்றைக்கும் உறுத்துகிறது. 2019-இலிருந்து ஜெம் அந்தப் பழைய பிரிப்பை விட்டுவிட்டு நான்கு காரணங்களைக் கேட்கிறது. ஒன்றுக்கு மேல் ஆம் சொல்லலாம். இது சின்ன மாற்றம் இல்லை.

சரி, வேலைவாய்ப்புக்கு வருவோம். சிறு நிறுவனங்கள்தான் புது வேலைகளில் பெரும்பங்கைத் தருகின்றன என்று 1979-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் பிர்ச் எழுதினார். அமெரிக்க நிறுவனங்களின் தரவுகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து ஹால்டிவாங்கர், ஜார்மின், மிராண்டா என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் 2013-இல் வேறு முடிவுக்கு வந்தார்கள். நிறுவனத்தின் அளவு முக்கியமில்லை, அதன் வயதுதான் முக்கியம். சிறியதாகப் பிறந்து பல ஆண்டுகள் சிறியதாகவே கிடக்கும் நிறுவனம் வேறு, புதிதாகப் பிறந்து வேகமாக வளர்வது வேறு. புதியவற்றில் நிறைய சில ஆண்டுகளிலேயே மூடப்படுகின்றன, தப்பிப் பிழைக்கும் சிலதான் வேகமெடுக்கின்றன. ஒரே ஒரு ஆண்டின் எண்ணிக்கையில் இது கண்ணில் படவே படாது. இதனால்தான் நீண்டகால ஆய்வுக்காக நான் இவ்வளவு வாதாடுகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோவில் நடந்தது. 1,500 சிறுதொழில் செய்கிறவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கணக்கு வழக்கு, விற்பனை என்று வழக்கமான பயிற்சி. இன்னொன்றுக்கு, யாரும் சொல்லாமலே முந்திக்கொண்டு செய்வது, புதிதாக யோசிப்பது, தடை வந்தால் விடாமல் நிற்பது என்று மனப்போக்கைப் பழக்கும் பயிற்சி. மூன்றாவதற்கு எதுவும் இல்லை. அப்புறம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். மனப்போக்குப் பயிற்சி பெற்றவர்களின் லாபம், பயிற்சியே இல்லாதவர்களைவிட 30 சதவீதம் அதிகம். வழக்கமான பயிற்சியில் நிச்சயமாகச் சொல்லும்படி எந்த வித்தியாசமும் தெரியவில்லை. 2017-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. எத்தனையோ நாடுகள் காசைக் கொட்டுவது அந்த வழக்கமான பயிற்சிக்குத்தான்.

ஆய்வுக்குப் பணம் ஒதுக்குகிறவர்களிடம் என் கோரிக்கை இதுதான். ஒரு வருடக் கணக்கெடுப்பு பத்துக்குத் தருவதை, பத்து வருட ஆய்வு ஒன்றுக்குக் கொடுங்கள். கடையை மூடியவர்களையும் தேடிப்போய், ஏன் மூடினீர்கள் என்று கேட்க ஆள் அனுப்புங்கள். அந்த அக்காவின் மெஷின் மூன்று வருடம் கழித்தும் ஓடியதா, நின்றுபோனதா? எங்கள் கணக்கெடுப்பில் அந்த வீட்டுக்கு இரண்டாவது முறை போகும் திட்டமே இருக்கவில்லை.