மலையை மறைத்துவிட்டு ஓட்டுக் கேட்காதீர்கள்

செட்டிநாட்டில் மலை அதிகம் கிடையாது. காரைக்குடியிலிருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் தட்டையான செம்மண் பொட்டல், கண்மாய்க் கரை, பனை, நடுநடுவே தைலமரக் காடு. இப்படிப்பட்ட மண்ணில் கொஞ்சம் உயரமாக எது நிற்கிறதோ அதைப் பார்த்துத்தான் கண் போகும். குன்றக்குடி மலை, வயிரவன்பட்டியிலோ இளையாத்தங்குடியிலோ ஒரு கோபுரம், புதுக்கோட்டைப் பக்கம் போனால் திருமயம் கோட்டை, ஊர் எல்லையில் ஓர் ஆலமரம். எங்களுக்கு வாய்த்தது அவ்வளவுதான். அந்த அவ்வளவையும் ஒவ்வொரு தேர்தலுக்கும் கட்சிக்காரர்கள் தேடிப் பிடித்து ஃபிளெக்ஸ் பேனர் கட்டி மறைக்கிறார்கள். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எல்லாக் கட்சியும்தான். ஆளுகிறவர்கள் பெரிதாக வைக்கிறார்கள், ஆளத் துடிக்கிறவர்கள் அதைவிட ஒரு அடி உயரமாக வைக்கிறார்கள், புதிதாக வந்தவர்கள் இரண்டுக்கும் முன்னால் வைக்கிறார்கள்.

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி பத்துக் கிலோமீட்டர் தூரம்தான். போகிற வழியில் மலையும் மேலே சண்முகநாதர் கோயிலும் கண்ணில் பட்டதுமே வண்டியில் இருக்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் நகரத்தார் காவடிகள் கூடிக் கிளம்புவது அந்த மலையடியில்தான். பாதம் வெடித்து நடக்கிறவர்களுக்கு அந்த மலை தெரிவது எவ்வளவு பெரிய தெம்பு என்று நடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தேர்தல் வந்தால், மலை நன்றாகத் தெரிகிற வளைவாகப் பார்த்துச் சவுக்குக் கம்பு நட்டு ஃபிளெக்ஸ் கட்டுகிறார்கள். மலை இருந்த இடத்தில் கூப்பிய இரண்டு கை. அதற்கு மேலே தலைவர் முகம். ஓரத்தில் தீப்பெட்டிப் படம் அளவுக்கு ஒன்றியம், வட்டம், கிளை என்று வரிசையாக இருபது முகம். அந்த வளைவில் எதிரே வருகிற பஸ்ஸும் தெரிவதில்லை. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் லாரியில் அடிபட்டு இறந்துபோனார். நாடே கொதித்தது. பெரிய கட்சிகளெல்லாம் இனி பேனர் வைக்க வேண்டாம் என்று தொண்டர்களுக்கு அறிக்கை விட்டார்கள். அந்த அறிக்கைகள் எங்கே போயின?

சாலை ஒரு பக்கம் இருக்கட்டும், தெருவுக்கு வாருங்கள். செட்டிநாட்டு ஊர்களில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. உடையவர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், கல்யாணத்துக்கோ முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ வந்து திறப்பார்கள். ஒரு வீடே ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும். அவ்வளவு நீளச் சுவர், தடுத்துக் கேட்க ஆள் இல்லை. போஸ்டர் ஒட்டுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? ராத்திரி ஒரு டூவீலர், ஒரு வாளி மைதாப் பசை. விடிந்து பார்த்தால் சுவர் முழுக்க ஒரே முகம் வரிசையாக.

எங்கள் தெருவில் அப்படிப் பூட்டிய ஒரு வீட்டுக்குப் பக்கத்து வீட்டு ஆச்சிதான் சாவி வைத்திருக்கிறார்கள். ஒருநாள் விடியுமுன்னே கையும் களவுமாகப் பையன்களைப் பிடித்துவிட்டார்கள். "ஒரு மாசந்தான் ஆச்சி, தேர்தல் முடிஞ்சதும் நாங்களே வந்து கிழிச்சிருவோம்" என்றான் ஒருவன். "நீ கிழிப்பப்பா, அதோட வர்ற சுண்ணாம்ப யாரு பூசுவா?" என்றார்கள் ஆச்சி. பையனிடம் பதில் இல்லை. ஒட்டியது ஒட்டியதுதான், கிழிக்க யாரும் வரவும் இல்லை. அப்புறம் ஆச்சியே ஆள் வைத்து, தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கரண்டியால் சுரண்டச் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். காகிதம் தனியாக வரவில்லை. பசை பிடித்த இடமெல்லாம் மேல்பூச்சு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து, உள்ளே செங்கல் சிவப்பாகத் தெரிந்தது. பழைய சுண்ணாம்புக் காரை அது. நாள்கணக்கில் ஊறவைத்து அரைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பூசியது. இன்றைக்கு அதைப் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டும். சிமெண்டை வைத்து அடைத்தால் பழைய சுவரோடு அது சேராது, கொஞ்ச நாளில் விட்டுக்கொண்டு வந்துவிடும். சுரண்டி முடித்த அந்தச் சுவரை ஆச்சி கையால் தடவிக்கொண்டு நின்றபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

இந்த ஊர்கள் 2014-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. எங்கிருந்தோ வந்து இறங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் தெருத் தெருவாக நின்று படம் எடுக்கிறார்கள். கட்சித் தலைவர்கள் மேடைக்கு மேடை செட்டிநாட்டுப் பாரம்பரியம் என்று பேசுகிறார்கள். பேசுகிறவர் முகமே அந்தப் பாரம்பரியத்தின் மேல் பசை போட்டு ஒட்டியிருக்கிறது.

போஸ்டருக்கு மேலே இன்னொரு அக்கிரமம், முன்பதிவு. தேர்தலுக்கு ஒரு வருடம் இருக்கும்போதே சுவருக்கு வெள்ளையடித்துக் கட்சிப் பெயரையும் வருடத்தையும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். யார் வீட்டுச் சுவரை யார் யாருக்குப் பதிவு செய்வது? அடுத்த கட்சிக்காரன் வந்து அந்தச் சுவருக்குச் சண்டை போடுகிறான். வீட்டுக்காரனை இரண்டு பேருமே கேட்பதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. திறந்தவெளி இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1959-லேயே வந்துவிட்டது. அனுமதி இல்லாமல் ஒருவருடைய நிலத்திலோ கட்டடத்திலோ சுற்றுச்சுவரிலோ கொடி நடவும் நோட்டீஸ் ஒட்டவும் எழுதவும் தொண்டர்களை விடக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதி சொல்கிறது. தேதி அறிவித்ததும் அரசுக் கட்டடங்களில் 24 மணி நேரத்திலும், பொது இடங்களில் 48 மணி நேரத்திலும், தனியார் இடங்களில் 72 மணி நேரத்திலும் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். தலைவர் சிலைகளைத் துணி போட்டு மூடுகிறார்கள், அதில் மட்டும் சுறுசுறுப்பு. ஊர் உள்ளே, ரேஷன் கடைப் பின்சுவரில், பஸ் நிழற்குடை உள்பக்கத்தில், ஊருணிப் படிக்கட்டுச் சுவரில் இருப்பது அப்படியே இருக்கும். போஸ்டரின் அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும் என்கிறது 1951-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2,000 ரூபாய்க்கு யார் பயப்படப் போகிறார்கள்?

தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் புகார் செயலியில் படம் எடுத்துப் போட்டால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நடத்தை விதி அமலில் இருக்கிறவரைக்கும்தான் அது. ஓட்டு எண்ணி முடித்தால் அதுவும் முடிந்தது. எங்கள் தொல்லை அதற்கப்புறம்தான் ஆரம்பமாகிறது. வெயிலில் வெளுத்து, ஆடிக் காற்றில் கிழிந்து, ஃபிளெக்ஸ் துண்டு துண்டாகப் பறக்கும். மைதா வாசனைக்கு மாடு போஸ்டரைச் சுவரோடு நக்கி இழுத்துத் தின்னும். ஐப்பசி மழையில் அத்தனை குப்பையும் வரத்துக்காலுக்கு வந்து சேரும். குழாய்ப் பாலத்து வாயில் ஒரு ஃபிளெக்ஸ் ஒட்டிக்கொண்டால் போதும், ஊருணிக்கு வர வேண்டிய தண்ணீர் ரோட்டில் ஓடிப் போய்விடும். மழையை நம்பியே ஊருணி வெட்டி, செம்புராங்கல்லில் படி கட்டி வைத்துப் பிழைத்த சீமை இது. அந்தத் தண்ணீரை மறித்துக்கொண்டு கிடப்பது தோற்றுப்போன வேட்பாளர் முகமா, ஜெயித்தவர் முகமா என்பது எங்களுக்கு ஒன்றுதான்.

அச்சகத்துக்காரர்கள் பிழைப்பு என்பார்கள். ஃபிளெக்ஸ் வந்தபோது தூரிகை பிடித்துச் சுவரில் எழுத்து எழுதிய ஓவியர்கள் வேலை போனதே, அப்போது எந்தக் கட்சியாவது அவர்களை நினைத்ததா? தேர்தல் என்றால் திருவிழா மாதிரி, நாலு நாள் அப்படித்தான் இருக்கும் என்றும் சொல்வார்கள். எங்கள் ஊர்த் திருவிழாவுக்குக் கட்டிய தோரணத்தைக் காப்பு அவிழ்த்ததும் கழற்றிவிடுகிறோம்.

சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளர் 40 லட்சம் வரை செலவு செய்யலாம், நாடாளுமன்றத்துக்கு 95 லட்சம். கட்டுகிற கூலியும் கம்பும் அந்தக் கணக்கில் வருகிறது. கழற்றுகிற கூலியையும் அதிலேயே முன்பணமாகக் கட்ட வைக்க வேண்டும். சுவரும் மரமும் பழையபடி இருக்கிறது என்று ஊராட்சி எழுதிக் கொடுத்தால்தான் அந்த முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஜெயித்தவருக்கும் இதேதான். ஆல மரத்தில் அடித்த ஆணியைப் பிடுங்குவதும் அதில் சேர்த்தி.

சட்டம் அப்படி மாற எத்தனை காலம் ஆகுமோ, அதுவரை நாம் கேட்கலாம். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம் ரோடு, தண்ணீர், வேலை எல்லாம் கேட்கிறோம் அல்லவா, இதையும் சேர்த்துக் கேளுங்கள்: ஐயா, வளைவில் கட்டியிருப்பதை என்றைக்குக் கழற்றுவீர்கள்? ஆச்சி வீட்டுச் சுவருக்குக் காரை பூச எப்போது ஆள் அனுப்புவீர்கள்? தேதி சொல்லட்டும். அதற்கப்புறம் நோட்டீஸை நீட்டட்டும்.