வேலை செய்யாத கைக்கு ஒரு திரை

நான்கு மாதமாக என் இடக்கையில் ஒரு திரை சுற்றிக் கிடக்கிறது. கைக்கடிகாரம் என்றாலும் பொய், கைப்பேசி என்றாலும் பொய். மணிக்கட்டின் மேல்புறத்தில் ஆரம்பித்து முக்கால் வட்டம் வளைந்து போகிற கறுப்புப் பட்டை. தொட்டால் முழுப்பட்டையும் ஒளிரும். சிங்கப்பூரில் நான் வேலை செய்யும் பாலர் பள்ளியில் என் வகுப்புப் பிள்ளைகள் முதல் நாளே கேட்டார்கள்: "டீச்சர், உங்க கை கார்ட்டூன் போடுமா?" போடும். ஆனால் போட்டால் மதியம் 2 மணிக்கே மின்கலம் தீர்ந்துவிடும் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

இது கடையில் வாங்கியதில்லை. தம்பிக்கு இந்த மாதிரிப் பொருள் என்றால் உயிர். அவனுக்குத் தெரிந்த ஒரு சின்ன நிறுவனம், இன்னும் விற்பனைக்கு வராத பட்டையைச் சிலருக்குக் கொடுத்து, ஆறு மாதம் கட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்லச் சொன்னதாம். அவன் கை இரண்டிலும் ஏற்கெனவே ஏதோ கட்டியிருந்ததால் மூன்றாவது கையாக என் கை அமைந்தது. நிறுவனத்தின் பெயரை எழுதக்கூடாது என்றார்கள். திட்டக்கூடாது என்று சொல்லவில்லை.

திரையைக் கையில் சுற்றும் ஆசை பழசுதான். 2014-இலேயே சாம்சுங் 1.84 அங்குல வளைந்த திரையோடு கியர் ஃபிட் என்ற பட்டையை விற்றது. 2019-இல் பார்சிலோனா கண்காட்சியில் நுபியா ஆல்ஃபா வந்தது. 4 அங்குலத் திரை, கையிலேயே கேமரா, கிட்டத்தட்ட கைப்பேசியைக் கட்டிக்கொண்ட மாதிரி. 2023-இல் மோட்டரோலா ஒரு படி மேலே போய் 6.9 அங்குலக் கைப்பேசியையே மணிக்கட்டில் வளைத்துக் காட்டியது, மாதிரியாக மட்டும். என்னிடம் இருப்பது இவற்றில் எதுவும் இல்லை. ஆனால் அதே குலம்.

அம்மாவிடம் காட்டியபோது முதலில் கேட்டார்: "கண்ணாடி எப்படிடி வளையும்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கண்ணாடியே இல்லை அம்மா, பாலிமைடு என்று ஒரு பிளாஸ்டிக், அதன் மேல்தான் திரையைப் படியவிடுகிறார்கள். பழைய எல்சிடி திரைக்குப் பின்னாலிருந்து விளக்கு அடிக்க வேண்டும். ஓஎல்இடி அப்படியில்லை, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அதனால் ஒல்லியாகச் செய்யலாம், ஒல்லியாக இருப்பதால் வளைக்கலாம். ஈரமும் காற்றும் பட்டால் அந்தப் புள்ளிகள் செத்துப்போகும் என்பதால் மேலே மெல்லிய பூச்சுகளை அடுக்கடுக்காகப் பூசி மூடிவிடுவார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னது: "அப்போ மேலே இருக்கிறது பிளாஸ்டிக். உன் காப்பு அதன் மேல் விழுந்துகொண்டே இருக்குமே."

இரண்டு நாள்கூட ஆகவில்லை. கல்யாணத்துக்கு அம்மா போட்ட காப்பு, இருபத்தோரு வருடமாகக் கழற்றியதில்லை. அதன் விளிம்பு போய்வரும் பாதையில் வரிவரியாகக் கீறல். சரியாக மணி காட்டுகிற இடத்தில். மாலையில் வெயில் சாய்வாக விழும்போது 3 எல்லாம் 8 ஆகத் தெரியும். இது என் பட்டைக்கு மட்டும் வந்த கேடு என்று சொல்ல மாட்டேன். 2019-இல் சாம்சுங்கின் முதல் மடிப்புக் கைப்பேசி விமர்சகர்கள் கைக்குப் போனபோது, மேலே ஒட்டியிருந்த பாதுகாப்பு ஏட்டைச் சிலர் வெறும் ஒட்டுத்தாள் என்று நினைத்து உரித்துவிட, திரையே போனது. ஏப்ரலில் வரவேண்டிய பொருள் செப்டம்பருக்குத் தள்ளிப் போனது. உலகமே பார்த்த பாடம் அது. என் அம்மா அந்தச் செய்தியெல்லாம் படித்ததில்லை. அவருக்குக் காப்பு தெரியும், பிளாஸ்டிக் தெரியும்.

அடுத்தது அளவு. சிராங்கூன் சாலைப் பக்கம் எந்த வளையல் கடைக்குப் போனாலும் கடைக்கார அக்கா நம் கையைப் பிடித்து, கட்டைவிரலுக்குக் கீழே எலும்பு புடைக்கும் இடத்தை ஒரு அழுத்து அழுத்திவிட்டு "ரெண்டு நாலு" என்பார். ரெண்டு நாலு, ரெண்டு ஆறு, ரெண்டு எட்டு என்று பத்து வெள்ளி விலைக் கண்ணாடி வளையலுக்கே இத்தனை அளவு இருக்கிறது. இந்தப் பட்டைக்கு ஒரே அளவு. கடைசித் துளையில் மாட்டியும் எனக்குத் தொளதொளவென்று புறங்கைக்கு இறங்கிவிடும். கைக்குட்டையை மடித்து உள்ளே செருகிக் கட்டியிருக்கிறேன். எதிர்காலத் தொழில்நுட்பம், கீழே கைக்குட்டை.

திரைதான் வளைகிறதே, கைக்கு ஏற்ப இறுக வேண்டியதுதானே என்று நானும் தம்பியிடம் கேட்டேன். திரை வளையும், மின்கலம் வளையாதாம். மின்சுற்றுப் பலகையும் வளையாது. ஆக நடுவில் தீப்பெட்டி மாதிரி ஒரு கட்டை, அதன் இருபக்கமும் வளைவு. ரயில் வளைகிறது என்று சொல்வோமே, உண்மையில் பெட்டி வளைவதில்லை, இணைப்புத்தான் வளைகிறது. அந்தக் கதைதான்.

தேக்கா சந்தையில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை, தெங்கிரி மீனைக் கையில் எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையில் ஐஸ் தண்ணீர் சொட்டுகிறது. தொடுதிரை என்பது விரல் பட்டால் மின்னூட்டத்தில் வரும் மாற்றத்தை உணர்கிற விஷயம். தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் சொட்டுத் தண்ணீரை இது விரலாக எடுத்துக்கொள்ளும். ஆகவே மீன் தண்ணீர் என் பள்ளி முதல்வரை அழைத்துவிட்டது. ஞாயிறு காலை 7 மணிக்கு. நானும் மீன்காரரும் கிலோவுக்கு இரண்டு வெள்ளி குறைப்பது பற்றி நடத்திய பேச்சுவார்த்தை முழுவதையும் அவர் கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை, "கடைசியில் கொடுத்தாரா?" என்று மட்டும் கேட்டார். கொடுத்தார்.

அப்புறம்தான் உட்கார்ந்து நிறுவனத்தின் கருத்துப் படிவத்தை ஒழுங்காகப் படித்தேன். என்ன உடற்பயிற்சி செய்கிறீர்கள்? ஓட்டம், மிதிவண்டி, உடற்பயிற்சிக்கூடம், கோல்ஃப். கூட்டங்களில் அறிவிப்புகளைப் பார்க்கிறீர்களா? பயணத்தில் காணொளி பார்க்கிறீர்களா? மொத்தம் 38 கேள்வி. சமைப்பீர்களா, பாத்திரம் கழுவுவீர்களா, குழந்தையைத் தூக்குவீர்களா, கையில் வேறு ஏதாவது போட்டிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி இல்லை.

எனக்கு அங்கேதான் விஷயம் புரிந்தது. இதைச் செய்தவர்கள் மனதில் ஒரு கை இருந்திருக்கிறது. அந்தக் கை காய்ந்த கை. குளிரூட்டிய அறையில் மேசைமேல் கிடக்கும். மாலையில் ஒரு மணி நேரம் ஓடும், ஓடியதைப் பார்த்துச் சந்தோஷப்படும். ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஊரில், புளி கரைக்கிற, மூன்று வயதுப் பிள்ளையின் மூக்கைத் துடைக்கிற, ஒரு நாளைக்கு முப்பது தடவை கழுவப்படுகிற கை அவர்கள் மனதில் இல்லவே இல்லை. வியர்வை தங்கி எனக்கு மணிக்கட்டில் வேர்க்குரு வந்துவிட்டது. பட்டை தண்ணீர் தாங்கும் என்று அட்டையில் எழுதியிருக்கிறது. அது தாங்கும், தோல் எங்கே தாங்குகிறது?

"அக்கா, முதல் பொருள் எல்லாம் இப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகும்" என்று தம்பி சொல்கிறான். கருத்துப் பெட்டியிலும் யாராவது வந்து சொல்வீர்கள். சரி. ஆனால் முதலில் யார் கையில் சோதிக்கிறோமோ அந்தக் கைக்குத்தான் பொருள் பழகும். தம்பி மாதிரி நூறு பேரிடம் கொடுத்தால் தம்பிக்கு ஏற்ற பொருள்தான் வரும். பத்துப் பட்டையைச் சாப்பாட்டுக் கடைச் சமையல்காரர்களிடம் கொடுங்கள், பத்தைத் தாதியரிடம் கொடுங்கள், பத்தை நாள் முழுக்கக் கையுறை போட்டு வேலை செய்கிற கட்டுமானத் தம்பிகளிடம் கொடுங்கள். ஒரு வாரத்தில் என்ன உடையும் என்று தெரிந்துவிடும்.

உடலில் அணியும் கருவி எல்லாமே எனக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். கோவிட் காலத்தில், யார் யார் பக்கத்தில் இருந்தோம் என்று குறித்துவைக்கிற டிரேஸ்டுகெதர் கருவி கொடுத்தார்களே, அம்மா அதை வீட்டுச் சாவியோடு கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். திரை கிடையாது, தினமும் சார்ஜ் செய்யும் வேலை கிடையாது. அந்தத் தகவல் யார் யார் கைக்குப் போகும் என்று 2021 தொடக்கத்தில் நாடாளுமன்றம் வரை பேச்சு எழுந்தது, அது வேறு கதை, எனக்கும் அதில் வருத்தம் உண்டு. ஆனால் பொருளாகப் பார்த்தால், எழுபது வயது அம்மாவுக்கு யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவு திட்டிவிட்டு நான்கு மாதமாக ஏன் கழற்றவில்லை என்று கேட்பீர்கள். ஒரே காரணம், தமிழ்.

வட்டக் கடிகாரத்தில் தமிழ்க் குறுஞ்செய்தி படித்திருக்கிறீர்களா? 'சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரு வார்த்தையே மூன்று வரியாக உடையும். இந்தப் பட்டையை நீளவாக்கில் திருப்பினால், முழங்கையை நோக்கி அல்ல, மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு ஒரே வரியாக எழுத்து ஓடும். கையை மெல்லத் திருப்பித் திருப்பிப் படிக்க வேண்டும். அம்மாவின் நீளநீளச் செய்திகள் அதில் உடையாமல் ஓடுவதைப் பார்க்க ஓலைச்சுவடி படிக்கிற மாதிரி இருந்தது. விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர்களுக்கே தெரிந்திருக்காது.

சுவடி என்று சும்மா சொல்லவில்லை. முதல் வாரம் வந்த ஒரு செய்தி அப்படியே:

எணணெய தீரநதுவிடடது, வருமபோது வாஙகி வா

புள்ளியே இல்லை! ஆங்கில எழுத்தின் உயரத்துக்கு வரியை அளந்துவிட்டதால், மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி வரிக்கு வெளியே போய் வெட்டுப்பட்டிருக்கிறது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று பழைய ஏடுகளில் புள்ளி வைக்காமல் விட்டார்கள் என்பார்கள். இங்கே கிழிய எதுவும் இல்லை. உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் தருகிற யூனிகோடில் தமிழ் 1991 முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி இதே சிங்கப்பூரிலிருந்து தமிழை இணையத்தில் ஏற்றியது 1995-இல். அவர் எழுத்தையே ஏற்றினார், இவர்களுக்கு ஒரு புள்ளிக்கு இடமில்லை. படிவத்தின் கடைசியில் 'பிற கருத்துகள்' என்ற சின்னக் கட்டத்தில் இதை மட்டும் எழுதி அனுப்பினேன், படத்தோடு.

தமிழில் ஓடுவதில் இன்னொரு நிம்மதி இருந்தது: எம்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் திரை ஊருக்கே தெரியும். தமிழ் என்றால் யார் படிக்கப்போகிறார்கள்? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுபவர்கள் 2.5 விழுக்காடுதான். அந்தத் தைரியத்தில் ஒரு நாள் ஈசூனிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். நாத்தனாரிடமிருந்து செய்தி: "அண்ணி, அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள், இந்த மாதமும் சீட்டுப் பணம் கட்டவில்லை." கை மேலே, எழுத்து மெல்ல ஊர்ந்து போகிறது. அந்த 2.5 விழுக்காட்டில் ஒருவர் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். பெரியவர், மடியில் தமிழ் முரசு நாளிதழ். முழுவதையும் படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்பதுபோல் தலையை ஆட்டினார். இறங்கும்போது "வரேம்மா" என்றும் சொன்னார்.

போன வாரம் பட்டைக்கு மென்பொருள் புதுப்பிப்பு வந்தது. என் கடிதத்தை யாரோ படித்திருக்கிறார்கள்! புள்ளி எல்லாம் வந்துவிட்டது, ஒன்று விடாமல். எழுத்தை அப்படியே கொஞ்சம் கீழே இறக்கியிருக்கிறார்கள் போலிருக்கிறது. இப்போது ரு, பு, கு எல்லாவற்றுக்கும் கீழ்ப்பாதி காணோம். இன்று காலை அம்மா 'பருப்பு வாங்கு' என்று அனுப்பியிருந்தார். என் கையில் 'பரப்ப வாங்க' என்று வந்து நிற்கிறது. பெற்ற மகளை அம்மா இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதே இல்லை. எதைப் பரப்ப என்று மாலையில் போய்க் கேட்க வேண்டும்.