வாத்து காவல் காக்குமா?

'கோழிகளோடு ரெண்டு வாத்தை விடுங்கள், வெள்ளைக்கழிச்சல் அண்டாது' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) கோழிகளைக் கொல்லும் தொற்றுநோய். வாத்துக்கு அந்த நோய் பெரும்பாலும் வெளியே தெரியாது, அவ்வளவுதான். ஆனால் கிருமியைச் சுமந்து எச்சத்தில் கழிக்கும். கோழிக்குக் காவல் அல்ல, ஆபத்து. வாத்துக்கு எந்த நோயும் வராது என்பதும் கதைதான்: 2014-இல் கேரளத்தின் குட்டநாட்டில் பறவைக்காய்ச்சலால் வாத்துகள் கூட்டமாகச் செத்தன.

கோழியைக் காப்பது தடுப்பூசி. குஞ்சுக்கு ஏழாம் நாள் வாக்கில் லசோட்டா என்ற தடுப்புமருந்துச் சொட்டு, எட்டாவது வாரம் ஊசி.

சரி, சேர்த்தே வளர்க்கக் கூடாதா? வளர்க்கலாம். வாத்து தண்ணீரைச் சிந்தி தரையைச் சேறாக்கும், அந்த ஈரத்தில் கோழிக்கு ரத்தக்கழிச்சல் வரும். அதனால் தண்ணீர்த் தொட்டி கூண்டுக்கு வெளியே இருக்கட்டும். இரவில் தனித்தனியாக அடையுங்கள். ஆண் வாத்து பெட்டைக்கோழியோடு இணைசேர்ந்தால் கோழிக்கு உள்காயமாகும், அதனால் பெண் வாத்துகள் போதுமான அளவு இருக்க வேண்டும்.