டிஷ்யூ பாக்கெட்டுக்கு உரை எழுத வேண்டுமா?

சனிக்கிழமை என் குறும்படத் திரையிடலுக்கு வந்தவர்களுக்கு விஷயம் தெரியும். வராதவர்களுக்கு இதற்குள் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். நடுவர் மைக்கைப் பிடித்து, "கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுப் பார்த்தேன், ஒண்ணுமே புரியலை" என்றார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

அது குறும்படம் ஐயா. வானொலி நாடகம் இல்லை.

அவருடைய கோபமெல்லாம் அந்த டிஷ்யூ பாக்கெட் மேல்தான். படத்தில், காப்பிக்கடையில் நாயகன் எதிர் நாற்காலிக்கு முன்னால் மேசையில் பாக்கெட்டை வைத்துவிட்டு உட்காருகிறான். ஓர் ஆன்ட்டி தட்டோடு வருகிறார், பாக்கெட்டைப் பார்க்கிறார், வேறு மேசைக்குப் போகிறார். கேமரா பாக்கெட்டை விட்டு நகரவே இல்லை, 11 வினாடி. அப்புறம் அவன் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறான். "அவளுக்காகக் காத்திருக்கேன்னு ஒரு வரி வச்சிருக்கலாமே" என்கிறார். சிங்கப்பூரில் டிஷ்யூ பாக்கெட்டுக்கு உரை எழுத வேண்டுமா? மேசையில் அதை வைத்தால், இந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஆள் வரவில்லை. அவ்வளவுதான் கதை.

ஒலி மோசம் என்று சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அந்த மின்விசிறி இரைச்சல் என் தப்பு.

"பிள்ளைகள் வீட்டிலேயே ஆங்கிலம் பேசுகிற காலத்தில், தமிழ்ப் படத்தில் தமிழ் காதில் விழ வேண்டாமா?" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். நியாயம்தான். பாதி நியாயம். ஆனால் வள்ளுவர் குறிப்பறிதல் என்று பொருட்பாலில் ஓர் அதிகாரம், காமத்துப்பாலில் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். கண்ணோடு கண் ஒத்துப்போனால் வாய்ச்சொல்லால் ஒரு பயனும் இல்லை என்று 1100-ஆவது குறளில் சொல்கிறார். அவருக்கும் வசனம் சேர்க்கச் சொல்லி ஒரு கடிதம் போட்டுவிடுங்கள்.

"சாதாரண ஜனங்களுக்கு எப்படிப் புரியும்?" யார் அந்தச் சாதாரண ஜனங்கள்? என் அம்மா நாலாம் வகுப்பு. படம் முடிந்ததும், "பாவம், காப்பியைக்கூடக் குடிக்கலை" என்றார். அவருக்குப் புரிந்தது.

புரியாமல் எப்படி இருக்கும்? அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் இரவு ஷிஃப்ட். அம்மாவிடம் அன்பாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆனால் வாராவாரம் அம்மாவின் பர்ஸிலிருந்து ஈசி-லிங்க் கார்டை, அதுதான் பேருந்து, ரயில் கட்டண அட்டையை, எடுத்துக்கொண்டு ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் போவார். மெஷினில் 20 வெள்ளி போட்டு, திரும்ப அதே இடத்தில் செருகிவிடுவார். அதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

அப்பா போன இரண்டாவது மாதம், தேக்காவுக்குப் போகப் பேருந்தில் ஏறினோம். அம்மா கார்டைத் தட்டினார். மெஷின் கத்தியது. மறுபடி தட்டினார். பின்னால் வரிசை நிற்கிறது. அம்மா நகராமல் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் காசு தீரும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இதற்கு என்ன வசனம் எழுதுவது, ஐயா? சொல்லுங்கள், எழுதிவிடுகிறேன்.

அடுத்த திரையிடலுக்கு "வசனம் சேர்த்து, கொஞ்சம் சுருக்கி" அனுப்பச் சொல்லிச் செய்தி வந்திருக்கிறது. நேற்று ராத்திரி உட்கார்ந்து திருத்திவிட்டேன். அந்த ஷாட் இப்போது 14 வினாடி.