கார்ல் போஷ் போட்ட துளைகள்

அம்மோனியா தயாரிப்பைப் பற்றிப் பேசும் பல பாடநூல்களில் ‘ஹேபர் முறை’ என்ற பெயரே இன்றும் நிற்கிறது. கார்ல் போஷின் பெயரைச் சேர்த்துச் சொல்பவர்களும், ஃப்ரிட்ஸ் ஹேபர் என்ற ஜெர்மானிய வேதியியலர் கண்டுபிடித்ததைப் போஷ் பெரிய அளவில் செய்து காட்டினார் என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்தப் ‘பெரிய அளவு’ என்ற சொல்லுக்குள் இன்னொரு முழுக் கண்டுபிடிப்பு மறைந்து கிடக்கிறது என்பது என் கருத்து.

1874இல் ஜெர்மனியின் கொலோனில் பிறந்த போஷ், கல்லூரிக்குப் போகுமுன் ஓர் ஆண்டு இரும்பாலையில் பட்டறை வேலை பழகியவர்; பிறகு சார்லட்டன்பர்க்கில் உலோகவியலும் இயந்திரப் பொறியியலும் படித்து, அதன் பின்னரே லைப்சிக்கில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1899இல் ஜெர்மானிய வேதிப்பொருள் நிறுவனமான பிஏஎஸ்எஃபில் சேர்ந்த மறு ஆண்டே, நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இரும்பின் துணையோடு இணைத்து அம்மோனியா எடுத்துவிட்டதாகச் சொன்ன வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்டின் சோதனையைச் சரிபார்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. இரும்பில் ஏற்கெனவே கலந்திருந்த நைட்ரைடு என்ற நைட்ரஜன் சேர்மத்திலிருந்தே அந்த அம்மோனியா வந்தது என்று அவர் காட்டினார். பெரும்புகழ் பெற்ற பேராசிரியருக்குப் புதிதாகச் சேர்ந்த ஓர் ஊழியரின் முடிவு கசந்தது. ஆனாலும் காப்புரிமை விண்ணப்பத்தை ஓஸ்ட்வால்ட் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

1909 ஜூலையில் ஹேபர் கார்ல்ஸ்ரூவில் மேசைக் கருவியொன்றில் அம்மோனியாவைத் துளித்துளியாக வடித்துக் காட்டினார். அதற்கு முன்னரே, நூறு வளிமண்டலத்துக்கும் மேலான அழுத்தம் வேண்டும் என்றதும் பிஏஎஸ்எஃப் மேலிடம் தயங்கியபோது, எஃகுத் தொழிலை நம்பி முயலலாம் என்றவர் போஷ். பட்டறை பழகியவருக்கே வரக்கூடிய துணிச்சல் அது. ஹேபர் வினையூக்கியாகப் பயன்படுத்திய ஆஸ்மியம் என்ற அரிய உலோகத்துக்கு மாற்றாக, பிஏஎஸ்எஃப் வேதியியலர் அல்வின் மிட்டாஷின் குழு ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பிறகு மலிவான இரும்பு வினையூக்கியைக் கண்டறிந்தது.

உண்மையான சிக்கல் அதன் பிறகே தொடங்கியது. சோதனைக்காகச் செய்த எஃகு உலைகள் ஏறத்தாழ 80 மணி நேரம் ஓடியதும் வெடித்தன. சுவர் மெலிந்ததனால் வெடித்திருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவார்கள். ஆனால் போஷ் வெடித்த துண்டுகளை அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சூடான ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி, அதற்கு வலிமை தரும் கார்பனை மீத்தேனாக மாற்றி, உலோகத்தை உள்ளிருந்தே நொறுங்கச் செய்துகொண்டிருந்தது. அப்படியானால் சுவரை எவ்வளவு தடிப்பாக்கினாலும் கெடும் நாள் தள்ளிப்போகுமே தவிர, கெடாமல் இராது.

எஃகின் வலிமைக்குக் காரணமான கார்பனே அதன் பலவீனமும் ஆனதால், அவர் வேலையை இரண்டாகப் பிரித்தார். உட்புறம் கார்பன் மிகக் குறைந்த மென்மையான இரும்பு உறை. அது வாயுவைத் தாங்கும், அழுத்தத்தைத் தாங்காது. வெளிப்புறம் வலுவான எஃகு. அது அழுத்தத்தைத் தாங்கும். உள்ளுறையைக் கடந்து கசியும் சிறிதளவு ஹைட்ரஜன் எஃகைத் தாக்குமுன் வெளியேறிவிட, வெளிச்சுவரில் நுண்ணிய துளைகள் போடப்பட்டன. இருநூறு வளிமண்டல அழுத்தத்தில் இயங்கும் உலையில் வேண்டுமென்றே துளை போடுவதைவிட விசித்திரமான தீர்வு ஏதேனும் உண்டா? ஹைட்ரஜனை எதிர்த்து நிற்காமல் அதற்கு வழிவிட்டதுதான் போஷின் மேதைமை என்று நான் நினைக்கிறேன். வேதியியல் மட்டுமே தெரிந்தவருக்கோ உலோகம் மட்டுமே தெரிந்தவருக்கோ இது தோன்றியிருக்காது.

1913 செப்டம்பரில் ஜெர்மனியின் ஓப்பாவில் பிஏஎஸ்எஃபின் அம்மோனியா ஆலை இயங்கத் தொடங்கியது. மறு ஆண்டே போர் வந்தது. உரத்துக்காக எழுந்த ஆலையின் நைட்ரஜன் வெடிமருந்துக்குப் போனது, அதற்கு வழி செய்ததும் போஷ்தான். இதை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையாகாது. 1921இல் அதே ஓப்பாவில், இறுகிப்போன உரக் குவியலை வெடி வைத்துத் தளர்த்தும்போது குவியலே வெடித்து 500க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

ஹேபருக்கு 1918ஆம் ஆண்டுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. போஷுக்கு 1931இல், வேதியியலர் ஃப்ரீட்ரிஷ் பெர்கியஸோடு பகிர்ந்து, உயர் அழுத்த முறைகளுக்காகக் கிடைத்தது. ஹேபர் துளிகளை வடித்துக் காட்டிய அதே கார்ல்ஸ்ரூவின் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தில் இன்று காட்சிக்கு நிற்பதோ 1921ஆம் ஆண்டின் எஃகு உயர் அழுத்த உலை ஒன்று.