புரூட்டஸின் வெள்ளிக் காசையும் சேர்த்திருக்கலாம்

ரோமக் காசுகளில் ஆட்சியாளர்களின் முகம் பற்றிய உங்கள் கட்டுரையை, ரோம ஆட்சியாளர் ஜூலியஸ் சீசர் உயிரோடிருந்தபோதே கி.மு. 44-இல் தன் முகத்தைக் காசில் பொறித்ததோடு முடித்துவிட்டீர்கள். அதற்கு வந்த பதிலடியையும் சேர்த்திருக்கலாம். சீசரைக் கொன்ற புரூட்டஸ், கி.மு. 42 வாக்கில் தன் படையோடு இருந்தபடியே வெளியிட்ட தெனாரியஸ் என்ற ரோம வெள்ளிக் காசைப் பாருங்கள். பின்பக்கம் இரண்டு குத்துவாள்கள், நடுவில் விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் தொப்பி, கீழே கொலை நடந்த மார்ச் நாளின் பெயர். எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாய்க்கும் புரியும்: கொடுங்கோலனைக் கொன்றோம், விடுதலை வந்தது. ஆனால் முன்பக்கம் இருப்பது புரூட்டஸின் முகமேதான்! குடியரசைக் காக்க வந்தவரே சீசரின் வழியைப் பின்பற்றியது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

அப்புறம் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ். தன் வாரிசுகளான கையஸ், லூசியஸ் இருவரையும் கேடயம், ஈட்டிகளோடு வெள்ளிக் காசில் நிற்க வைத்தார். இருவருமே கி.பி. 4-க்குள் இறந்துவிட்டார்கள். அந்தக் காசுகள் வணிகத்தின் வழியே கோவை வட்டாரம் வரை வந்து, புதையல்களில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. இங்கே அவற்றை வெள்ளிக்காகத்தான் வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதுங்கள்.